முதல் அடி

வேலூரில் வெந்நீருக்கு எண்ணெய்த் தொட்டியா
என்று சிரிக்கிறவர்கள்
மே மாதம் மட்டும் வந்து போனவர்கள்.
மார்கழியில், தையல் பிரிக்காத வயிற்றோடு
விடியற்காலை நாலரைக்கு
வாளியோடு நிற்கிறவரைக் கேளுங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் பின்தெரு லாட்ஜ்.
நாற்பத்திரண்டு அறை.
அறைக்கு ஒரு நோயாளி, இரண்டு துணை, ஒரு ஸ்டவ்.
கீசர் பில் கட்டி அலுத்துப்போய்
கமருதீன் பாய் டீசல் பாய்லருக்கு மாறினார்.
தொட்டி ராணிப்பேட்டையிலிருந்து வந்தது,
ஆயிரம் லிட்டர்.
சந்தில் திரும்பாமல்
இரண்டு நாள் தெருமுனையில் கிடந்தது.
அதன் நிழலில் ஒரு மாடு குடியேறி
எழுப்ப எழுப்ப எழவில்லை.

நான் பிட்டர். எத்திராஜுலு.
என் டேப்பில் முதல் ஓரடி இல்லை,
வாலாஜாவில் ஒரு ஷட்டர் தின்றுவிட்டது.
படித்ததில் ஒன்றைக் கழித்தால் கணக்கு சரி.

"பின்சுவரை ஒட்டி வச்சிடு" என்றார் பாய்.
பின்சுவரில் ஒன்பதாம் அறை ஜன்னல்.
ஜன்னலுக்குள் ஸ்டவ், ஸ்டவ்மேல் மீன்,
கடுகெண்ணெய் நெடி.
"டீசல்தானே, பெட்ரோலா என்ன?"

பெட்ரோல் கத்திக்கொண்டு வரும் பாய்,
இது செருப்பைக் கழற்றிவிட்டு வரும்.
வால்வில் ஒரு சொட்டு.
ராத்திரியெல்லாம் அதே ஒரு சொட்டு.
சுவரோரம் நடக்கும், விரிசல் கண்டால் உட்காரும்,
பக்கத்து வீட்டு போர்வெல்லுக்கு
வழி யாரையும் கேட்காது.
நெருப்புக்கு இதெல்லாம் கூட வேண்டாம்,
எட்டுகிற தூரத்தில் ஒரு ஜன்னல் போதும்.
ஆறடியாவது தள்ளணும்,
எழுதிக் கொடுத்திருக்காங்க.

ஆறடிக்கு அப்பால்
புதிதாகத் தோண்டிய கடைக்கால்.
நாற்பத்துமூன்றாம் அறை.
இந்தப் பக்கம் திறப்பில்லாத முழுச்சுவர், அந்தப் பக்கம் காம்பவுண்டு;
ஓரடி குறைத்தால் உள்ளே கட்டில் நுழையாது.
நாள் வாடகை நானூற்றைம்பது.
அதை நம்பித்தான்
மூத்த பெண்ணுக்கு ஆம்பூரில் பேசி முடித்திருந்தார்.

பாய் கெட்டவர் இல்லை.
காசில்லாமல் பிணத்தோடு நின்றவர்களுக்கு
கவுகாத்தி வரை வண்டி பிடித்துக் கொடுத்தவர்.
"அளந்துதான் பாரேன்" என்றார், மெல்ல.

தொட்டியின் முதுகு கடைக்காலைத் தொட்டால்
வயிறு எங்கே வரும் என்று
சுண்ணாம்பில் கோடு போட்டேன்.
கையாள் டீக்குப் போயிருந்தான்.
ஜன்னலில் நின்ற அம்மாவிடம் நுனியைக் கொடுத்தேன்.
ஷெஃபாலி என்று ரிஜிஸ்டரில் பெயர்.
நதியா ஜில்லா. புருஷனுக்குச் சிறுநீரகம்.
கம்பியோடு சேர்த்துப் பிடித்தாள்.
கோட்டில் டேப் சொன்னது: ஆறு.
பாய் முகத்தில் வாடகை விடிந்தது.

நான் கழித்திருக்க வேண்டும்.
பாயைப் பார்த்தேன்,
மதிற்சுவர்மேல் காய்கிற தலையணையைப் பார்த்தேன்,
போன மாதக் கூலி பாக்கியை நினைத்தேன்.
வாய் திறக்கவில்லை.

அவள் நுனியைத் திருப்பிப் பார்த்தாள்.
ஊரில் ரவிக்கை தைக்கிறவளாம், பிறகு தெரிந்தது;
அறுந்த டேப் அவளுக்குப் புதிதில்லை.
ஒரு விரலைக் கம்பிக்கு வெளியே நீட்டி
"ஏக்" என்றாள்.
கேட்காதவர்களுக்குச் சொல்வதுபோல்
மறுபடியும், "ஏக்".

புரியவில்லை என்று நான் நடிக்கலாம்.
பாயால் முடியாது.
அவர் வீட்டில் எண்ணத் தொடங்குவதே
அந்தச் சொல்லில்தான்.

நெடுநேரம் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.
என்னைப் பார்க்கவில்லை.
"மண்ணைத் தள்ளி மூடு" என்றார்.

இப்போது தொட்டி அங்கேதான்,
முதுகுக்கும் வயிற்றுக்கும் காற்றோட.
சுற்றிலும் செங்கல் தொட்டி,
ஆயிரமும் கவிழ்ந்தாலும் தாங்கும்.
மணல் வாளி இரண்டு.
ரூம்பையன் அதன் நெற்றியில் சிவப்பு பெயின்டில்
43 என்று எழுதிவிட்டான்.
அறை கேட்டு வருகிறவர்கள் சிலர்
அது காலியா என்கிறார்கள்.
ஆம்பூர்க்காரர்கள் தேதி தள்ளியிருக்கிறார்கள்.
ஷெஃபாலி கிளம்பிப்போன மறுநாள்தான்
குழாயில் வெந்நீர் வந்தது.

புது டேப் வாங்கினேன், முழுசு.
கை பழக்கம், அதிலும் ஒன்றைக் கழிக்கிறேன்.
போன வாரம் சத்துவாச்சாரியில்
ஒரு மாடிக்கு நான் செய்த ஏணி
ஓரடி குட்டை.